ட்வினா, ஏசி30-ஆ? பழைய வால்வு ஆம்ப்களின் க்ளீன் டோன் பற்றி

உங்கள் கேள்வியை முதலில் எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். பினாங்கில் இருக்கும் உங்கள் பெரியப்பாவிடம் இரண்டு பழைய வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடி வால்வுகளில் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர், இருக்கின்றன. ஒன்று 1970களில் வந்த வெள்ளி முகப்பு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், இன்னொன்று வாக்ஸ் ஏசி30. சரக்கோடு சரக்காக ஒன்றைத்தான் அனுப்ப முடியும் என்கிறார். நீங்கள் பள்ளத்தூரில் பழைய வீட்டில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறீர்கள். "எதில் க்ளீன் டோன் நல்லா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். க்ளீன் டோன் என்றால் கரகரப்பு இல்லாத சுத்தமான கிட்டார் ஒலி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. நீங்கள் வாசிக்கும் சத்தத்தில், உங்கள் வீட்டுச் சுவருக்கு நடுவே, நம் ஊர்க் கரண்டில், எது சுத்தமாக நிற்கும் என்பதுதான் உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடியில் ரேடியோ பழுது பார்த்துத் தொழில் கற்றவன். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கிய வால்வு ரேடியோக்களும் ரேடியோகிராம்களும் இந்தச் சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்று கிடந்த காலம் அது. அப்புறம் மைக் செட், அப்புறம் கச்சேரிக்காரர்களின் ஆம்ப். நானும் பத்து வருடம் போலக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்திருக்கிறேன். ட்வின் நாலைந்து, ஏசி30 இரண்டு என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. கீழே வோல்ட்டும் வாட்டும் வரும் இடத்தில் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். இனிமை, மணி, பளபளப்பு என்று நான் பேச ஆரம்பித்தால் அது என் காது சொல்வது, உங்கள் காது வேறு சொல்லலாம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடுவோம். பழசு என்றாலே க்ளீன் என்று இல்லை. 1950களின் ட்வீட் துணி போர்த்திய சின்ன ஃபெண்டர்களில் வால்யூமை நாலுக்கு மேல் வைத்தால் கரகரப்பு வந்துவிடும். அன்றைக்கு அந்தக் கரகரப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அதை ஒரு குறையாகத்தான் பார்த்தார்கள். லியோ ஃபெண்டர் வருடா வருடம் சர்க்யூட்டை மாற்றிக்கொண்டே போனதற்கு முக்கியமான காரணம், சத்தம் கூட வேண்டும், ஆனால் உடையக் கூடாது என்பதுதான். அந்த ஓட்டத்தின் முடிவில் 1963-ல் வந்தது ட்வின் ரிவெர்ப். நாலு 6எல்6 வால்வு, 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். இங்கிலாந்தில் வாக்ஸ்காரர்களுக்கும் அதே நெருக்கடிதான். டிக் டென்னி வடிவமைத்த ஏசி15, ரசிகர்கள் போடும் கூச்சலுக்கு ஈடு கொடுக்கவில்லை என்றுதான் நாலு ஈஎல்84 வால்வு போட்டு 30 வாட்டாக்கினார்கள். ஆக இரண்டுமே க்ளீனாக, சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று பிறந்தவைதான். போன வழி மட்டும் வேறு.

ட்வினில் வெளியே போகும் சத்தத்தில் ஒரு சின்னப் பங்கைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து, தப்பு இருந்தால் அதைக் கழிக்கிற ஏற்பாடு இருக்கிறது. நெகட்டிவ் ஃபீட்பேக் என்பார்கள். கரண்டை நேராக்குவதும், அதாவது ஏசி கரண்டை டிசியாக மாற்றுவதும், வால்வு இல்லை, டயோடு. அதனால் நீங்கள் ஒரு கார்டை ஓங்கி அடித்தாலும் உள்ளே வோல்ட்டேஜ் பெரிதாகத் தொங்காது, அடித்த அடி அடித்தபடியே வெளியே வரும். எல்லை வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துவிட்டு, எல்லை தாண்டினதும் சட்டென்று உடையும். அந்த எல்லையை நீங்கள் பார்க்கப் போவதில்லை என்பது வேறு விஷயம், ஏனென்றால் வால்யூம் நாலிலேயே பக்கத்து வளவுக்காரர் எட்டிப் பார்ப்பார். டோன் குமிழ்களில் ஒரு சூட்சுமம் உண்டு. ட்ரெபிளையும் பேஸையும் பாதியில் வைத்தாலே நடுவில் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். ஃபெண்டர் க்ளீன் என்று ஊரே சொல்கிற அந்தப் பளிச்சென்ற ஒலியில் பாதி இந்தப் பள்ளம்தான். தனியாக வாசிக்கும்போது அது அழகு. கீபோர்டு, தபலா, பேஸ் கிட்டார் எல்லாம் சேர்ந்ததும் கிட்டார் எங்கே போச்சு என்று தேட வேண்டியிருக்கும். மிட் குமிழைப் பத்துக்கு ஏற்றி, ட்ரெபிள், பேஸ் இரண்டையும் இரண்டு மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள், பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நாலைந்து கச்சேரியில் காணாமல் போன பிறகு நானாகக் கண்டுபிடித்தேன்.

ஏசி30-ல் அந்தத் திருத்தும் ஏற்பாடே கிடையாது. வால்வுகள் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய முழுக் கரண்டை இழுத்துக்கொண்டு சூடாக நிற்கும். கரண்டை நேராக்குவதும் அசல் பெட்டிகளில் ஜிஇசட்34 வால்வுதான், ஓங்கி அடித்தால் ஒரு நொடி அமுங்கி மேலே வரும். இதில் சுத்தத்துக்கும் உடைசலுக்கும் நடுவே வரப்பு இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்று மெல்ல ஊறி வரும். மென்மையாக மீட்டினால் மணி அடிக்கிற மாதிரி மேல் சுரங்கள் மினுங்கும், கொஞ்சம் அழுத்தினால் அதே மணி தடித்துக்கொள்ளும். ரேடியோகிராம் பழுது பார்த்த எனக்கு முதல்முறை கேட்டதும் பழகின குரலாக இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, அந்தப் பெட்டிகள் நிறையவற்றில் பாடியதும் இதே ஈஎல்84 தான். இதில் 'கட்' என்று ஒரு குமிழ் இருக்கும், அது வேலை செய்வது தலைகீழ். கூட்டினால் கூர்மை குறையும். தெரியாமல் திருப்பிவிட்டு ஆம்ப் மந்தமாக இருக்கிறது என்று கொண்டுவந்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 85 வாட் என்றதும் 30 வாட்டைப் போல மூன்று மடங்கு சத்தம் என்று நினைக்காதீர்கள். காதுக்கு இரு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 30-க்கும் 85-க்கும் வித்தியாசம் நாலரை டெசிபல்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். ஸ்பீக்கர் ஒன்றுக்கொன்று அதைவிடக் கூட வித்தியாசப்படும், நல்ல ஸ்பீக்கரை மாற்றிப் போட்ட ஃபெண்டரின் 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப், சோம்பல் ஸ்பீக்கர் மாட்டிய 40 வாட்டுக்காரனைச் சமாளித்துவிடும். எனக்கு யாராவது வீட்டில் வாசிக்க மட்டும் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டால், உங்கள் பெரியப்பாவின் இரண்டையும் விட்டுவிட்டு அந்த டீலக்ஸைத்தான் சொல்வேன். ஆனால் அது உங்கள் முன்னால் இல்லை, அதனால் விடுங்கள்.

இப்போது உங்கள் வீடு. பள்ளத்தூர் பழைய வீடு என்றால் எனக்குத் தெரியும், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்து இழைத்துப் பூசிய சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல்லோ மார்பிளோ, மேலே தேக்குப் பலகை, திரையும் மெத்தையும் குறைச்சல். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் திரும்புவது போல அந்தச் சுவரில் சத்தம் பட்டுத் திரும்பும். முக்கியமாகக் கூர்மையான மேல் சுரங்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் ட்வினைச் சரிசெய்து பட்டாலையில் வைத்துச் சோதித்தேன். என் கடையில் தேன் மாதிரி ஒலித்த ஆம்ப் அது. கூர்மையைக் கூட்டும் பிரைட் சுவிட்சு போட்டபடியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு கார்டு அடித்திருப்பேன், உள்கட்டிலிருந்து ஆச்சி ஒருவர் வந்து, "ஏப்பா, தகரத்தைக் கீறுற மாதிரி இருக்கே, இதுக்கா இம்புட்டுச் செலவு?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்புறம் சுவிட்சை அணைத்து, ஆம்பைத் தூணுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து, எதிர்ச் சுவரில் ஜமக்காளம் இரண்டைத் தொங்கவிட்டு, அந்தி வரைக்கும் மல்லுக்கட்டினோம். ஜமக்காளத்துக்கு வந்த பலன் வேறு எதற்கும் வரவில்லை. ட்வினில் எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் அந்த வீட்டில் தேவைப்படவே இல்லை, சுவரே போதும் போதும் என்று எதிரொலித்தது. ஆக உங்கள் இரண்டாங்கட்டில் வைத்து எந்த ஆம்ப் நல்லது என்று ஒருநாளும் முடிவு கட்டாதீர்கள். அங்கே ஏசி30-ன் கட் குமிழைக் கூட்டி வைத்தால் ட்வினைவிட இதமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அது ஆம்புக்குக் கிடைத்த வெற்றி இல்லை, சுவரோடு செய்துகொண்ட சமாதானம்.

அடுத்தது கரண்டு, இதை யாரும் டோன் விஷயமாகவே எண்ணுவதில்லை. மலேசியாவில் அந்தக் காலத்தில் 240 வோல்ட், 50 சைக்கிள், நமக்கு 230, அதே 50. அதனால் பினாங்கில் ஓடிய பெட்டி இங்கே மாற்றம் இல்லாமல் ஓட வேண்டும். ஆனால் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன வோல்ட் என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த 117 வோல்ட் பெட்டியாக இருந்தால் கதை வேறு. இறக்கி வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 60 சைக்கிளுக்கு மட்டும் சுற்றிய காயில் 50-ல் கூடுதலாகச் சூடாகும். அப்படி ஒரு பெட்டியை 230-ல் நேரடியாகச் செருகிக் கொண்டுவந்தார் ஒருவர். ஃபியூஸ் காப்பாற்றியிருக்கும், ஆனால் அதற்கு முன்பே யாரோ ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வாசனையை இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, 240 பெட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். திருவிழா நேரத்தில் சீரியல் செட்டும் டியூப் லைட்டும் ஊர் முழுக்க எரியும்போது மேடையில் என் மீட்டர் 190 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். 240-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 190 கொடுத்தால் உள்ளே எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு குறையும். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டிய இடத்தில் 5 தான் கிடைக்கும், பிளேட்டுக்கு 450 இருந்த இடத்தில் 350, 360. வாட் அந்த வோல்ட்டின் வர்க்கத்தோடு போகும் என்பதால் 85 வாட் ட்வின் அன்று ராத்திரி 53 வாட் சொச்சம்தான். நேற்று ரிகர்சலில் க்ளீனாக நின்ற அதே வால்யூமில் இன்றைக்குக் கரகரக்கும், வாசிக்கிறவர் கிட்டாரைச் சந்தேகப்படுவார், கேபிளைச் சந்தேகப்படுவார். ஏசி30 இதைவிடச் சீக்கிரம் தளரும். ஜெனரேட்டருக்கு மாற்றினால் சில சமயம் எதிர்ப்பக்கம், 250-ஐத் தாண்டும், ஏற்கனவே சூடாக நிற்கும் ஈஎல்84-க்கு அது ஆகாது. ஆம்ப் எதுவானாலும் நல்ல சர்வோ ஸ்டெபிலைசர் ஒன்றுக்குக் காசு எடுத்து வையுங்கள். பழைய வால்வு தேடி அலைகிற காசில் அது வந்துவிடும்.

ஐம்பது வயதுப் பெட்டியில் வருடத்தைவிட முக்கியம் உள்ளே இருக்கும் கண்டென்சர்களின் நிலைமை. பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் இருபது வருடம் தாண்டினால் சந்தேகத்துக்கு உரியவை. அவை வற்றினால் முதலில் 100 ஹெர்ட்ஸ் முனகல் வரும், பின்னே நீங்கள் வாசிக்கிற சுரத்துக்கு அடியில் சம்பந்தமே இல்லாத இன்னொரு சுரம் நிழல் மாதிரி கூடவே ஒலிக்கும். அதை வால்வின் குணம் என்று ரசிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்பன் ரெசிஸ்டர்கள் நம் ஊர் வெக்கையிலும் பினாங்கு ஈரத்திலும் மதிப்பு ஏறிப்போயிருக்கும், சடசடவென்று எண்ணெய் காய்கிற சத்தம் வந்தால் அதுதான். ஆக, எதில் க்ளீன் டோன் நல்லது என்பதற்கு நேர்மையான பதில், எதை ஒழுங்காகப் பராமரித்தார்களோ அதில். படத்தை வைத்து இதை நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அடுத்து சண்டை நடக்கிற இடங்கள். 1965-ல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் ஃபெண்டரை வாங்கியதும் எல்லாம் கெட்டுப்போனது, கறுப்பு முகப்புதான் அசல், 1968-க்குப் பிறகு வந்த வெள்ளி முகப்பு மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. சர்க்யூட்டை மாற்றினார்கள் என்பது நிச்சயம். 1970களில் மாஸ்டர் வால்யூம் வந்தது, 1977 வாக்கில் 135 வாட் வரை ஏற்றினார்கள். ஆனால் உடைசல் வேண்டுபவர்களுக்குத்தான் அது குறை, க்ளீன் தேடுகிற உங்களுக்கு வெள்ளி முகப்பு ஒரு படி தோதானது, விலையும் அடக்கம். பழைய வால்வு புதுசைவிட இனிமையா என்றால், பழையதில் இரைச்சல் குறைவு, ஆயுசு அதிகம் என்பதை என் கையால் பார்த்திருக்கிறேன். இனிமை என்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தபோது நானே இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். ஏசி30 கிளாஸ் ஏ வகை, அதாவது வால்வுகள் ஒரு நொடியும் ஓயாமல் கரண்டை இழுக்கும் வகை, என்பதும் விளம்பரத்தில் அழுத்திச் சொல்லப்படுவது, முழுச் சத்தத்தில் அது வால்வுகள் மாறி மாறி ஓய்ந்து வேலை செய்யும் கிளாஸ் ஏபி தான் என்று அளந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. யூடியூபில் இரண்டையும் ஒப்பிடும் வீடியோக்களை வைத்து முடிவு எடுக்காதீர்கள், அதில் பாதி மைக்கின் டோன்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், பழைய ஆம்புகளின் ஒலியைப் போலச் செய்து காட்டும் இப்போதைய மாடலிங் பெடல் இதற்கு ஈடாகுமா என்று. கேட்கிறவர்களுக்கு ஆகும். மைக் செட் வழியாகப் பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. வாசிக்கிறவருக்குத் தெரியும், விரல் அழுத்தத்துக்கு ஆம்ப் திருப்பிக் கொடுக்கும் பதில் காதுக்கு முன்னே கைக்கு வந்துவிடும். அதற்காக 29 கிலோவைத் தூக்க நீங்கள் தயாரா என்பது உங்கள் முதுகைக் கேட்க வேண்டிய கேள்வி.

என்னைக் கேட்டால் ட்வினை அனுப்பச் சொல்லுங்கள். மெல்லிசை மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு சுத்தமான ரிதம் வாசிக்க, ஒலி உடையாமல் அது கொடுக்கும் தாராளம் ஏசி30-ல் கிடைக்காது, சினிமாப் பாட்டில் ஒரே சரணத்துக்குள் பொத்திப் பொத்தி வாசிக்கவும் ஓங்கி அடிக்கவும் வேண்டியிருக்கும், இரண்டுக்கும் குணம் மாறாமல் நிற்க வேண்டும். வீட்டில் சத்தம் அதிகமாகத் தெரிந்தால் இரண்டாம் இன்புட்டில் செருகுங்கள், 6 டெசிபல் தானாகக் குறையும், மாஸ்டர் குமிழ் இருந்தால் அதையும் இறக்கலாம். நீங்கள் தனியாக மீட்டிப் பாடுபவராகவோ சின்ன அரங்கில் மட்டும் வாசிப்பவராகவோ இருந்திருந்தால் யோசிக்காமல் ஏசி30 என்றிருப்பேன், ஏனென்றால் அழகு என்று பார்த்தால் எனக்குப் பிடித்த க்ளீன் அதனுடையதுதான்.

பெரியப்பாவிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். அனுப்பும் முன் பின்பக்கச் சீட்டையும் ஃபியூஸ் இருக்கும் இடத்தையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பட்டும், அதை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் ஒரு நாள் முழுக்க ஆன் செய்யாமல் ஆறவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். எது எந்தக் குழியில் இருந்தது என்று ஒரு தாளில் எண் போட்டு, வால்வுகளைத் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வேறு டப்பாவில் வைக்க வேண்டும், ரிவெர்ப் ஸ்பிரிங் பெட்டி ஆடாமல் கட்ட வேண்டும். துறைமுகத்தில் பெட்டியை இறக்குபவர் உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று எண்ணி இறக்கமாட்டார்.